கடற்கரையில் டென்ட் போட்டுத் தங்கப் போறீங்களா? உயிரையும் உடைமையையும் காப்பாற்ற இதையெல்லாம் தெரிஞ்சுக்கோங்க!

ராமநாதபுரத்துக்கும் தொண்டிக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது உப்பூர். கூரை இல்லாத கருவறையில் வெயில் காயும் வெயிலுகந்த விநாயகரால் பெயர் பெற்ற ஊர். இங்கே கும்பிட்டுவிட்டு தேவிபட்டினம் நவபாஷாணம், திருப்புல்லாணி, ராமேஸ்வரம் என்று போவது பல குடும்பங்களின் வழக்கம். இப்போது அவர்களோடு பைக்கில் வருபவர்களும், காரில் டென்ட்டை மடித்துப் போட்டுக்கொண்டு வரும் நண்பர் கூட்டமும் சேர்ந்துவிட்டது.

லாட்ஜ் கிடைக்காதவர், லாட்ஜ் வேண்டாம் என்பவர், அமாவாசைக் கூட்டத்தில் மண்டபத்தில் பாய் விரிப்பவர் என எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான். கதவும் பூட்டும் இல்லாத இடத்தில் ஒரு ராத்திரியை எப்படிப் பத்திரமாகக் கழிப்பது? அதில் பாதி வேலை இருட்டுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். எப்படி என்று பார்ப்போம்.

எங்கே தங்கலாம், எங்கே கூடாது?

முதலில் கூடாத இடங்கள். தனுஷ்கோடிக்கும் அரிச்சல்முனைக்கும் பகலில் மட்டும்தான் அனுமதி. மாலையில் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். 1964 டிசம்பர் 22 இரவு ஆரம்பித்த புயல் ஒரு ஊரையே, பயணிகளோடு வந்த ரயிலையும் சேர்த்து அழித்த இடம் அது. இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஒரு மணல் திட்டு. ராத்திரியில் ஏதாவது ஆனால் ஓடி ஒதுங்க இடம் இல்லை.

மன்னார் வளைகுடாவில் இருக்கும் 21 தீவுகளும் கடல்வாழ் உயிரின தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கால் வைப்பதே குற்றம். "தெரிஞ்ச படகுக்காரர் கூட்டிட்டுப் போறார்" என்று யாராவது சொன்னால் நம்பிப் போகாதீர்கள்.

காசு வாங்கிக்கொண்டு டென்ட் வாடகைக்கு விடும் இடமா? தமிழ்நாட்டில் முகாம் நடத்துபவர்கள் சுற்றுலாத் துறையில் பதிவு செய்ய வேண்டும். முன்பணம் அனுப்பும் முன்பே பதிவு எண்ணைக் கேளுங்கள். ராத்திரி காவலாளி உண்டா, கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு எரியுமா, பொருளைப் பூட்டி வைக்க லாக்கர் இருக்கிறதா என்ற மூன்றையும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

சொந்த டென்ட் என்றால், ஆளே இல்லாத கடற்கரையைத் தேடிப் போகாதீர்கள். ஊருக்குப் பக்கத்தில், மீனவர் கிராமத்தில் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தங்குவதுதான் பாதுகாப்பு. படகு இழுக்கும் பாதையிலும் வலை காயப்போடும் இடத்திலும் டென்ட் போட வேண்டாம். விடியற்காலையில் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு இடைஞ்சல்.

ராத்திரியில் போலீஸ் ஏன் வந்து விசாரிக்கிறது?

இந்தக் கடற்கரைக்கு இது தனி விஷயம். தனுஷ்கோடியிலிருந்து இலங்கையின் தலைமன்னார் சுமார் 30 கி.மீ. தூரம்தான். கடல் அட்டை உள்ளிட்ட கடத்தல்கள் அடிக்கடி பிடிபடும் பகுதி என்பதால் கடலோரக் காவல் குழுமம், கியூ பிரிவு, சுங்கத்துறை என்று பலரும் ரோந்து வருவார்கள். ஒதுக்குப்புறமான கரையில் நள்ளிரவில் டார்ச் அடித்துக்கொண்டு நாலு பேர் இருந்தால் சந்தேகம் வரத்தான் செய்யும்.

அதனால் தங்கும் முன்பே அந்தப் பகுதி காவல் நிலையத்தில் பெயர், வண்டி எண், எத்தனை பேர் என்ற விவரத்தைச் சொல்லிவிடுங்கள். விசாரணைத் தொல்லை குறையும், ஆபத்து என்றால் நீங்கள் இருக்கும் இடம் அவர்களுக்குத் தெரியும். முன்பின் தெரியாதவர் "இந்தப் பார்சலைக் கொஞ்ச நேரம் வச்சிருங்க" என்றால் தொடவே தொடாதீர்கள். பவளப்பாறைத் துண்டு, கடல் அட்டை எதையும் நினைவுப் பொருளாக எடுத்துப் போகவும் கூடாது. இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. உச்சிப்புளியில் கடற்படை விமான தளம் இருப்பதால், அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிடுவதும் வம்பில் முடியும்.

இருட்டும் முன் பார்க்க வேண்டிய 5 விஷயம்

சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே இடத்துக்கு வந்துவிடுங்கள்.

1. அலைக்கோடு: கரையில் கிளிஞ்சலும் கடல்பாசியும் வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும். தண்ணீர் அதுவரை வந்துபோகிறது என்று அர்த்தம். அதைவிட நன்றாக மேலே தள்ளி டென்ட் போடுங்கள். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஏற்றம் இன்னும் அதிகம். கூட்டம் வருவதும் அதே ஆடி அமாவாசை, தை அமாவாசையில்தான்!

2. பனை, தென்னை: நிழலுக்காக அடியில் போடாதீர்கள். காய்ந்த மட்டை விழும், ஆடி ஆவணியில் பனம்பழம் விழும். இடி மின்னல் நேரத்தில் ஒற்றைப் பனைமரத்தடி ரொம்பவே ஆபத்து.

3. சீமைக் கருவேலம்: ராமநாதபுரம் முழுக்க இதுதான். முள் டென்ட் துணியையும் டயரையும் ஒரே நேரத்தில் பதம் பார்க்கும். காய்ந்த புதருக்குப் பக்கத்தில் நெருப்பு மூட்டவே கூடாது.

4. காற்று: மணலில் சாதாரண ஆணி நிற்காது. ஒரு சாக்கிலோ துணிப்பையிலோ மணலை நிரப்பி, டென்ட் கயிற்றை அதில் கட்டி, முழங்கால் ஆழத்துக்குப் புதைத்து மூடுங்கள். ராத்திரியில் காற்று அடித்தாலும் பிடுங்காது.

5. வழி: கழிப்பறை, பக்கத்து வீடு, மெயின் ரோடு மூன்றுக்கும் வெளிச்சம் இருக்கும்போதே ஒருமுறை நடந்து பாருங்கள். வண்டியை ரோட்டைப் பார்த்தபடி நிறுத்துங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். 2024 நவம்பர் 20-ல் ராமேஸ்வரத்தில் சுமார் 10 மணி நேரத்தில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அந்த மாதங்களில் வானிலை எச்சரிக்கை இருந்தால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள்.

பணம், நகை, போன்: எதை எங்கே வைப்பது?

எல்லாவற்றையும் ஒரே பையில் வைக்காதீர்கள். பை போனால் பணம், அடையாள அட்டை, போன், ஊருக்குத் திரும்பும் டிக்கெட் எல்லாமே போய்விடும்.

* பணத்தை மூன்று இடமாகப் பிரியுங்கள். அன்றைய செலவுக்கு மட்டும் பர்ஸில். மீதியில் ஒரு பங்கு உடம்போடு இருக்கும் உள்பையில், இன்னொரு பங்கு கூட வந்தவரிடம்.
* ஆதார், ஓட்டுநர் உரிமம், வண்டி ஆர்.சி. ஆகியவற்றை டிஜிலாக்கரில் ஏற்றிவிடுங்கள். அதில் காட்டும் உரிமமும் ஆர்.சி.யும் சட்டப்படி செல்லும்.
* நகை வீட்டிலேயே இருக்கட்டும். தாலியைக் கழற்ற மனசு வராதவர்கள் பயணத்துக்கு மட்டும் மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொள்வது பழைய வழக்கம்தான், நல்ல வழக்கமும்கூட.
* போனில் *#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். அதை எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.
* சிம் கார்டுக்கு பின் நம்பர் போடுங்கள். போனைத் திருடியவர் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால், உங்கள் வங்கி ஓடிபி அவருக்குப் போய்விடும். பின் போட்டிருந்தால் அந்த வழி அடைபடும்.
* காரின் சீட்டில் பையை வைத்துவிட்டுப் போகாதீர்கள். டிக்கியில் வைப்பதாக இருந்தால் புறப்பட்ட இடத்திலேயே வைத்துவிடுங்கள். வந்து நின்ற இடத்தில் நாலு பேர் பார்க்க வைப்பதில் பயன் இல்லை.

குளிக்கப் போகும்போது பையை யார் பார்ப்பது?

அக்னி தீர்த்தத்திலும் தேவிபட்டினத்திலும் எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். "பக்கத்துல ஒரு குடும்பம் இருக்கு, பார்த்துப்பாங்க" என்று விட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்குவது வேண்டாம். பெயர்கூடத் தெரியாதவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் பிறகு அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இரண்டு அணியாகப் பிரிந்து மாறி மாறிக் குளியுங்கள். கரையில் இருப்பவர் போன் பார்க்காமல் பையைப் பார்க்கட்டும். சில்லறை தவறியது, சட்டையில் கறை பட்டிருக்கிறது என்று யாராவது கவனத்தைத் திருப்பினால், முதலில் பையில் கை வையுங்கள், அப்புறம் திரும்பிப் பாருங்கள். தனியாக வந்தவர்கள் பணம் கட்டி லாக்கரில் வைப்பதே மேல். ராமநாதசுவாமி கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை இருப்பதால் அதை எப்படியும் வெளியே வைத்துத்தான் ஆக வேண்டும். ரசீது தரும் இடத்தில் மட்டும் கொடுங்கள்.

குழந்தையோடு வந்திருக்கிறீர்களா? அதன் கையில் உங்கள் செல் நம்பரைப் பேனாவால் எழுதிவிடுங்கள். அமாவாசைக் கூட்டத்தில் பொருளைவிட முதலில் தொலைவது குழந்தைகள்தான்.

தூங்கும்போது கவனம்

தரையில் படுப்பவர்களுக்குப் பெரிய ஆபத்து கட்டுவிரியன். ராத்திரியில் நடமாடும் பாம்பு. கடித்தால் பல நேரம் வலியோ வீக்கமோ இருக்காது. விடியும்போது வயிற்று வலி, கண் இமை சொருகல், மூச்சுத் திணறல் என்று வரும்போதுதான் தெரியும். டென்ட் ஜிப்பை முழுசாக மூடுங்கள். பாயில் படுப்பவர்கள் கொசுவலையைக் கட்டி, ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகுங்கள். சாப்பாட்டுக் கழிவைப் பக்கத்தில் போடாதீர்கள். அது எலியையும் நாயையும் வரவழைக்கும், எலியைத் தேடிப் பாம்பு வரும். காலையில் செருப்பு, ஷூவை உதறிப் போடுங்கள்.

கடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால்கூட கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை, காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விஷமுறிவு மருந்து அங்கே கிடைக்கும்.

அடுத்தது அடுப்பு. 2024 ஆகஸ்ட்டில் கொடைக்கானலில் கரி அடுப்பு எரியவிட்டுத் தூங்கிய இளைஞர்கள் 2 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. மழை வருகிறது, குளிர் அடிக்கிறது என்று எந்தக் காரணத்துக்காகவும் அடுப்பை டென்ட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

பையின் வாரைக் கையிலோ காலிலோ சுற்றிக்கொண்டு தூங்குங்கள். பவர் பேங்க் இருந்தால் பொது இடத்தில் போனைச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்க வேண்டிய அவசியமே வராது.

கடலில் இறங்கும் முன்

உப்பூர், தேவிபட்டினம் பக்கம் பாக் நீரிணை. அலை குறைவு, சேறு அதிகம். சேற்றுக்குள் திருக்கை மீன் படுத்திருக்கலாம் என்பதால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். சொறி மீன் பட்டுவிட்டால் கடல் நீரால் கழுவுங்கள், நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

தனுஷ்கோடியின் தெற்குப் பக்கம் மன்னார் வளைகுடா, ஊர்க்காரர்கள் சொல்லும் 'ஆண் கடல்'. அங்கே குளிக்கவே வேண்டாம். 'கள்ளக்கடல்' எச்சரிக்கை வந்த நாளில் எந்தக் கரையிலும் இறங்காதீர்கள். வானம் தெளிவாக, காற்றே இல்லாமல் இருக்கும்போதும் திடீரென்று கடல் பொங்கும். 2024 மே 6-ல் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் கடற்கரையில் 5 பயிற்சி மருத்துவர்கள் அப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான் அலையில் சிக்கி இறந்தார்கள்.

திருடு போய்விட்டால் சட்டம் என்ன சொல்கிறது?

பலருக்கும் தெரியாத விஷயம் இது. சாதாரணத் திருட்டுக்கு பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 303-ன்படி 3 ஆண்டு வரை சிறை. ஆனால் பிரிவு 305, மனிதர் தங்குவதற்கோ பொருள் வைப்பதற்கோ பயன்படும் கட்டடம், கூடாரம், கலம் மூன்றையும் ஒன்றாக வைக்கிறது. அதாவது நீங்கள் தங்கியிருக்கும் டென்ட்டுக்குள் புகுந்து திருடினால், வீட்டுக்குள் திருடியதற்கு உள்ள அதே தண்டனை: 7 ஆண்டு வரை சிறை, அபராதம். "டென்ட்டுல வச்சது உங்க தப்பு" என்று யார் சொன்னாலும், சட்டம் அப்படிச் சொல்லவில்லை. புகாரில் 'டென்ட்டுக்குள் இருந்த பொருள்' என்று தெளிவாக எழுதுங்கள்.

புகாரை அந்த ஊரிலேயே கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பஸ்ஸில் ஏறி மதுரைக்கு வந்த பிறகு தெரிந்தால் மதுரையிலேயே கொடுக்கலாம். எந்தக் காவல் நிலையமும் 'ஜீரோ எஃப்ஐஆர்' பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். எஃப்ஐஆர் நகல் இலவசம். ஆன்லைனில் தகவல் கொடுத்தால் 3 நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். பதிய மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம்.

போன் போயிருந்தால் இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. வேறு போனிலிருந்து வங்கிக்கு அழைத்து யுபிஐ, கார்டுகளை முடக்குங்கள்.
2. சிம் நிறுவனத்துக்கு அழைத்து சிம்மை நிறுத்துங்கள்.
3. போலீஸ் புகார் நகல், ஐஎம்இஐ எண்ணோடு மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் போனை முடக்குங்கள். வேறு சிம் போட்டாலும் அது வேலை செய்யாது.
4. கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் உடனே 1930.

அடையாள அட்டை தொலைந்து மட்டும் போயிருந்தால், தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் தொலைந்த ஆவண அறிக்கையை நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

பேப்பரில் எழுதி வைக்க வேண்டிய எண்கள்

* அவசர உதவி: 112
* ஆம்புலன்ஸ்: 108
* கடலோரப் பாதுகாப்பு: 1093
* கடலில் ஆபத்து, கடலோரக் காவல்படை: 1554
* மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை: 1077
* பெண்கள் உதவி: 181
* குழந்தைகள் உதவி: 1098
* சைபர் மோசடி: 1930

போனில் மட்டும் சேமித்து வைத்தால், போன் தொலையும்போது இந்த எண்களும் சேர்ந்தே தொலையும். ஒரு துண்டுப் பேப்பரில் இவற்றையும், வீட்டில் இருக்கும் இருவரின் செல் நம்பரையும் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.