நோயாளியைத் தேடி வந்த கருவி

க்ஷயம் நகரத்து நோயென்றே பலரும் நெடுநாள் எண்ணியிருந்தனர். 1955 முதல் 1958 வரை நடைபெற்ற தேசிய ஆய்வு அவ்வெண்ணத்தை மாற்றியது. எக்ஸ்ரே கருவியைச் சுமந்த வண்டிகள் கிராமங்களுக்குச் சென்றன. நகரத்துக்கு ஏறக்குறைய ஈடாக அங்கும் நோய் பரவியிருக்கக் கண்டோம். ஆயினும், வண்டி செல்லச் சாலை வேண்டுமன்றோ?

இன்று கையில் ஏந்தத்தக்க எக்ஸ்ரே கருவி வந்துவிட்டது. கோவாவில் தயாராகி, மின்கலத்தால் இயங்கும் ட்ரூநாட் கருவி, சளியில் கிருமி உண்டா என்பதைச் சுமார் ஒரு மணி நேரத்தில் கூறுகிறது. அதனை 2020-இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றது.

நோயைக் காட்டுவதே கருவியின் பணி, தீர்ப்பது மருந்து. பிழைப்பை நாடி மாநிலம் கடந்து வாழும் நாம், இருவாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவ நிலையத்தை அணுகுவோம். ஊர் மாற நேர்ந்தாலும் சிகிச்சையை இடையில் விடாதிருப்போம்.