சச்சார் அறிக்கை சொன்ன மதரஸா கணக்கு

நீதிபதி ராஜீந்தர் சச்சார் குழுவின் அறிக்கை 2006 நவம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. ஐ.ஏ.எஸ். பணியில் முஸ்லிம்கள் 3 சதவீதம், ஐ.பி.எஸ். பணியில் 4 சதவீதம் என்ற அதன் கணக்குகளை நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். இன்னொரு கணக்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பள்ளி செல்லும் வயதிலுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் மதரஸாவில் ஓதுவோர் சுமார் 3 சதவீதம்தான்!

முஸ்லிம்கள் பிள்ளைகளை மதரஸாவுக்கே அனுப்புகிறார்கள் என்ற பேச்சு எப்படி வந்தது? மக்தபையும் மதரஸாவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டார்கள் என்று குழுவே சுட்டிக்காட்டியது. காலையிலோ மாலையிலோ குர்ஆன் ஓத மக்தபுக்கு வரும் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கும் போகிறது. நம் ஊர்களில் இது எல்லோரும் அறிந்ததுதான்.

ஆனால் 6 முதல் 14 வயதுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் 25 சதவீதம் பேர் பள்ளிக்கே போகாதவர்கள் அல்லது இடையில் நின்றவர்கள் என்றும் அதே அறிக்கை சொன்னது. நமக்குக் கவலை தர வேண்டிய கணக்கு இதுவே. நம் மஹல்லா ஜமாஅத்துகளில் நிக்காஹ் பதிவேடு உண்டு, சந்தாக் கணக்கும் உண்டு. எட்டாம் வகுப்போடு நின்றுபோன பிள்ளைகளின் பெயர்கள் எந்த நோட்டில் இருக்கின்றன? வீடு வீடாகக் கேட்டு எழுத, ஒரு தெருவுக்கு ஒரு நாள் போதும்.