சேர்பியர்: தோல்வியை நினைவில் சுமக்கும் இனம்

6ஆம், 7ஆம் நூற்றாண்டுகளில் பால்கனில் குடியேறிய ஸ்லாவியர்களின் வழிவந்தவர்கள் சேர்பியர். கத்தோலிக்கக் குரோசியரும் பொஸ்னிய முஸ்லிம்களும் பேசுவது ஏறத்தாழ இவர்களின் மொழியையே. வேறுபடுத்துவது மதமே: 1219இல் புனித சாவாவின் முயற்சியால் தன்னாட்சி பெற்ற ஓர்தடொக்ஸ் திருச்சபை. சிரிலிக் எழுத்தும், குடும்பத்தின் காவல் புனிதரைக் கொண்டாடும் 'ஸ்லாவா' விழாவும் இவர்களின் அடையாளங்கள்.

1389இல் ஒட்டோமன் படையுடன் நடந்த கொசோவோ போரின் நினைவை, அந்நியர் ஆட்சியிலும் வாய்மொழிப் பாடல்களால் காத்தனர். 1989இல் மிலோசெவிச் அந்நினைவை அரசியலாக்கினார்.

1995 யூலையில் பொஸ்னிய சேர்பியப் படைகள் ஸ்ரெப்ரெனிகாவில் 8,000 வரையான முஸ்லிம் ஆண்களையும் சிறுவர்களையும் கொன்றன. சர்வதேச நீதிமன்றம் அதனை இனப்படுகொலை எனத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே, குரோசியப் படை நடவடிக்கையால் ஏறத்தாழ 2 இலட்சம் சேர்பியர் இடம்பெயர்ந்தனர்.

தம் இழப்பை 6 நூற்றாண்டுகளாக மறக்காதவர்கள், தம் பெயரால் நடந்த கொலைகளையும் ஏற்பார்களா என்பதே இன்றும் தீராத கேள்வி.