அழித்த பிறகும் அழியாத தண்டனை

டெல்லி, நொய்டா பக்கம் குடிவந்த நம்மவர்களுக்கு ஒரு விஷயம் பழக நாளாகும். கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை வீட்டு மாமா ஒருவர் துப்பாக்கியை எடுத்து வானத்தைப் பார்த்து 'டுமீல்' என்று சுடுவார். (2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இப்படிக் கண்மண் தெரியாமல் சுடுவது தனிக் குற்றம்.) "இவங்களுக்கெல்லாம் யாரு லைசென்ஸ் குடுக்கறா?" என்ற கேள்வி நம் வீடுகளில் கட்டாயம் வரும்.

நம் நாட்டில் பதில் சுலபம். இங்கே துப்பாக்கி உரிமை இல்லை, அதிகாரி பார்த்துக் கொடுக்கிற லைசென்ஸ். வன்முறைக்காகவோ ஒழுக்கக்கேட்டுக்காகவோ சிறைத் தண்டனை பெற்றவருக்கு, தண்டனை முடிந்து 5 வருடம் வரை அது கிடையாது என்கிறது 1959 ஆயுதச் சட்டம். அதற்குப் பிறகு மனு போடலாம், கிடைத்தால் அதிர்ஷ்டம்.

அமெரிக்காவில் அது அரசியலமைப்பு உரிமை. அதனால் அதைப் பறித்ததற்கும் திருப்பிக் கொடுத்ததற்கும் ஒரு சரித்திரமே இருக்கிறது. பிள்ளைகளை அங்கே அனுப்பியிருக்கும் நம் குடும்பங்களுக்கும் அதில் ஒரு பாடம் உண்டு. கடைசியில் சொல்கிறேன்.

1938-ல் வந்த மத்திய சட்டம் வன்முறைக் குற்றவாளிகளை மட்டும் தடுத்தது. 1961-ல் அதை விரித்து, ஒரு வருடத்துக்கு மேல் தண்டனை கிடைக்கக்கூடிய எல்லாக் குற்றங்களையும் சேர்த்தார்கள். இந்த வலையில் முதலில் மாட்டிய பெரிய மீன் யார் தெரியுமா? ஒரு கம்பெனி! புகழ்பெற்ற வின்செஸ்டர் துப்பாக்கியைத் தயாரித்த ஒலின் மேத்தீசன். வியட்நாமுக்கும் கம்போடியாவுக்கும் மருந்து அனுப்பிய விவகாரத்தில் கமிஷன் கொடுத்ததாக 1965-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டது. சட்டப்படி பார்த்தால் இனி அது துப்பாக்கி அனுப்பவே முடியாது. உடனே அதே வருடம் அமெரிக்க காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி, "மனு போட்டால் விலக்கு தரலாம்" என்று ஒரு கதவு வைத்தது. கென்னடி சகோதரர்கள், மார்ட்டின் லூதர் கிங் கொலைகளுக்குப் பின் வந்த 1968 சட்டத்திலும் அந்தக் கதவு அப்படியே இருந்தது.

சரி, மாநிலமே தண்டனையை அழித்துவிட்டால்? இந்தக் கேள்வி நியூ பேனர் வழக்கில் வந்தது. துப்பாக்கி வியாபாரக் கம்பெனி ஒன்றின் தலைவர், 1975-ல் அயோவா மாநிலத்தில் கைத்துப்பாக்கியை மறைத்து வைத்திருந்த குற்றத்தை ஒப்புக்கொண்டார். நன்னடத்தைக் காலத்தை ஒழுங்காக முடித்ததால் அவர் பதிவை மாநிலம் அழித்துவிட்டது. ஆனால் 1983-ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் சொன்ன தீர்ப்பு என்ன? மாநிலம் அழித்தாலும் மத்திய துப்பாக்கிச் சட்டத்தின் கண்ணில் அது தண்டனைதான்!

காங்கிரஸுக்கு இது பிடிக்கவில்லை. 1986-ல் சட்டத்தை மாற்றியது. அழிக்கப்பட்ட, ரத்தான, மன்னிக்கப்பட்ட தண்டனை இனி தண்டனை இல்லை. ஒரே நிபந்தனை, "துப்பாக்கி கூடாது" என்று அந்த உத்தரவிலேயே எழுதியிருக்கக் கூடாது. மாநிலத் தண்டனை பெற்றவர்களுக்கு இன்றுவரை இதுதான் முக்கியமான வழி. மத்திய நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவருக்கு மாநிலம் உதவ முடியாது என்று 1994-ல் தீர்ப்பு வந்தது. அவருக்கு மிச்சம் ஜனாதிபதியின் மன்னிப்பும், ஒலினுக்காக வைத்த அந்தப் பழைய கதவும்தான்.

அந்தக் கதவு என்ன ஆனது? கொடிய குற்றம் செய்தவர்களும் அதன் வழியாகத் துப்பாக்கி வாங்குகிறார்கள் என்று சத்தம் எழுந்தது. 1992-ல் காங்கிரஸ் ஒரு தந்திரம் செய்தது. சட்டத்தைத் தொடவில்லை. தனிநபர் மனுக்களைப் பரிசீலிக்க ஏ.டி.எஃப். என்ற துறை பணம் செலவழிக்கக் கூடாது என்று பட்ஜெட்டில் ஒரு வரி சேர்த்தது, அவ்வளவுதான். கம்பெனிகளுக்கு மட்டும் தடை இல்லை! கதவு இருக்கிறது, திறக்க ஆள் இல்லை.

அதில் முட்டிக்கொண்டவர் பீன் என்ற டெக்சாஸ் துப்பாக்கி வியாபாரி. 1998-ல் சாப்பிடுவதற்காக மெக்சிகோ எல்லையைத் தாண்டினார். காரில் ஒரு பெட்டி தோட்டா இருந்தது. மெக்சிகோவில் தண்டனை, அமெரிக்காவில் உரிமை பறிபோனது. மனு போட்டார், ஏ.டி.எஃப். தொடவே இல்லை. மனுவை மறுத்தால்தான் கோர்ட்டுக்கு வரலாம், கிடப்பில் போட்டால் வர முடியாது என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், வெளிநாட்டுத் தண்டனை இந்தச் சட்டத்தில் கணக்கிலேயே வராது என்று 2005-ல் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில் தீர்ப்பளித்தது!

33 வருடம் கழித்து, 2025 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை இந்த வேலையை ஏ.டி.எஃப்.பிடமிருந்து எடுத்து அட்டர்னி ஜெனரல் கையில் கொடுத்தது. அடுத்த மாதமே 10 பேருக்கு உரிமை திரும்பியது. நடிகர் மெல் கிப்சன் அதில் ஒருவர்.

இப்போது நம் பாடம். 'அழித்தாச்சு' என்றால் எந்தச் சட்டத்துக்கு அழித்தாச்சு என்று கேட்க வேண்டும். துப்பாக்கிச் சட்டம் 1986-ல் மனம் இளகியது. இமிக்ரேஷன் சட்டம் நேர் எதிராக 1996-ல் இறுகியது. குற்றத்தை ஒப்புக்கொண்டு ஏதாவது ஒரு தண்டனையோ கட்டுப்பாடோ பெற்றிருந்தால், மாநிலம் தீர்ப்பை நிறுத்தி வைத்திருந்தாலும் அது தண்டனைதான். நன்னடத்தைக்காகப் பிறகு அழித்தாலும் பலனில்லை என்று 1999-ல் இமிக்ரேஷன் மேல்முறையீட்டு வாரியம் முடிவு செய்தது. குடியுரிமை மனுவிலும் அழித்த வழக்கைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எனவே அங்கே படிக்கிற பையனோ வேலை பார்க்கிற பெண்ணோ ஏதாவது சின்ன வழக்கில் சிக்கி, "ஒத்துக்கோ, ஒரு வருஷத்துல ரெக்கார்டே இருக்காது" என்று யாராவது சொன்னால், கையெழுத்துப் போடும் முன் இமிக்ரேஷன் வக்கீல் ஒருவரையும் கேட்கச் சொல்லுங்கள். மாநில நீதிபதி அழித்தாலும் விசா அதிகாரியின் மேஜையில் அது அழியாது.