நந்தலால் போஸ்

நந்தலால் போஸ் (1882–1966) இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்திய நூல்களுக்குப் படம் வரைந்தவர்களுள் தலையாயவர். பீகாரின் முங்கேர் மாவட்டத்திலுள்ள கரக்பூரில் பிறந்து, கல்கத்தா அரசினர் கலைப் பள்ளியில் அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்றார். 1909ஆம் ஆண்டளவில் அஜந்தா சென்று சுவரோவியங்களைப் படியெடுத்தார். அங்கு கைவந்த கோடே பின்னர் அவர் வரைந்த அனைத்துக்கும் உயிர் தந்தது.

சகோதரி நிவேதிதா எழுதத் தொடங்கிய இந்து, பௌத்த புராணக் கதைத் தொகுப்பை, 1911இல் அவர் மறைந்தபின் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி நிறைவுசெய்தார். 1913இல் லண்டனில் வெளிவந்த அந்நூலுக்கு 32 வண்ணப்படங்கள். நந்தலாலுடன் மைசூர் வெங்கடப்பாவும் வரைந்தார். அத்தகைய வண்ணப்படங்கள் தனித்தாளில் அச்சாகி நூலினுள் சேர்க்கப்பட்டவை. அழகானவை, ஆனால் செலவு மிக்கவை.

1922இல் நந்தலால் சாந்திநிகேதனின் கலைப்பள்ளியான கலாபவனத்துக்குத் தலைமையேற்றார். 1924இல் கவிஞர் இரவீந்திரநாத் தாகூருடன் சீனா, ஜப்பான் சென்று மைத்தூரிகை ஓவியத்தை நேரில் கண்டார். 1934இல் அவருடனேயே இலங்கைக்கும் வந்தார்.

நூல் ஓவியராக அவருடைய மிகப்பெரும் சாதனை, இரவீந்திரநாத் எழுதிய வங்கமொழிப் பாலபாடமான ‘சஹஜ் பாட்’ (1930). அதன் படங்கள் லினோகட் முறையில் அமைந்தவை. லினோலியத்தில் மரத்தைப்போல் இழையோட்டம் இல்லாததால் உளி எப்பக்கமும் தடையின்றி ஓடும். செதுக்கி எடுத்த இடம் வெள்ளையாகவும், எஞ்சிய மேடு மை பூசிக் கறுப்பாகவும் பதியும். அந்த அச்சுக்கட்டையை ஈய எழுத்துகளோடு ஒரே சட்டத்தில் இறுக்கி அச்சிடலாம், தனித்தாள் தேவையில்லை. நிழலும் நுணுக்கமும் நீங்கிய அப்படங்களில் வங்கக் கிராமத்து மனிதரும் மரங்களும் அகன்ற கறுப்பு வெள்ளைத் திட்டுகளாக நிற்கின்றன. எழுத்தறியாத பிள்ளையும் பார்த்தவுடன் இன்னதென்று சொல்லிவிடும். செல்வர் வீட்டு நூல்களுக்கு வரைந்ததைவிட இதுவே அரிய பணி. அதே ஆண்டில் உப்புச் சத்தியாக்கிரகத்தையொட்டி வெட்டிய ‘பாபூஜி’ லினோகட்டில், கோலூன்றி எட்டிநடக்கும் காந்தி கறுப்புப் பின்னணியில் சில வெள்ளைக் கோடுகளாலேயே உருப்பெறுகிறார்.

முதுமையில் கைக்கு வந்தது இந்திய அரசியலமைப்பின் மூலப்படி. பிரேம் பிகாரி நாராயண் ராய்சாதா அதன் ஆங்கிலப் படியைக் கையால் எழுத, நந்தலாலும் மாணவர்களும் பக்கங்களை அணிசெய்தனர். முதற்பகுதியின் தலைப்பில் மொகஞ்சதாரோ காளை முத்திரை. பிற பகுதிகளில் நடராசரும் மாமல்லபுரத்துச் சிற்பமும் இடம்பெற்றன. 1954இல் பத்ம விபூஷண் பெற்ற அவர் 1966 ஏப்ரல் 16 அன்று காலமானார்.