சிறுமியரின் சீருடை: ஒரு வரலாற்று நோக்கு

சீருடை என்னும் சொல்லுக்கு ஒரே சீரான உடை என்பது பொருள். ஆயினும் ஆணும் பெண்ணும் சேர்ந்து பயிலும் நம் பள்ளிகள் பெரும்பாலானவற்றில் அது ஒன்றாக இல்லை; இரண்டாக இருக்கிறது. முதல் வகுப்பில் சேரும் ஐந்து வயதுச் சிறுவனுக்குக் கால்சட்டை. அதே வயதுச் சிறுமிக்குப் பாவாடை அல்லது பினஃபோர். மேல்வகுப்புகளை எட்டியதும் சிறுவனுக்கு முழுக்கால்சட்டை; சிறுமிக்குச் சுடிதார், அதன்மேல் மடித்துக் குத்திய துப்பட்டா, சில பள்ளிகளில் அதற்கும் மேலே ஓர் அங்கி. சிறுவனின் உடை அவன் எந்த வகுப்பில் பயில்கிறான் என்பதைக் காட்டுகிறது. சிறுமியின் உடையோ அவள் உடல் எந்நிலையை எட்டியுள்ளது என்பதைத் தெருவுக்கே அறிவிக்கிறது. இவ்வேற்றுமையை வகுத்தவர் யார், எப்போது வகுத்தனர் என்று நாம் கேட்பதில்லை. மரத்தில் இலை துளிர்த்ததுபோல் இதுவும் தானே துளிர்த்தது என எண்ணிவிடுகிறோம்.

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையில் குள்ளஞ்சாவடியைக் காலை வேளையில் கடந்து செல்வோர், முந்திரித் தோப்புகளை ஒட்டிய சிற்றூர்களிலிருந்து மிதிவண்டியில் வரும் மாணவியரைக் காண்பர். லாரி ஒன்று உரசிக்கொண்டு செல்லும்போது அவர்கள் முதலில் சரிசெய்வது வண்டியை அன்று, துப்பட்டாவை. தமிழக அரசு 2001-02ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கு இலவச மிதிவண்டி வழங்கத் தொடங்கி, பின்னர் ஏனைய மாணவ மாணவியர்க்கும் அத்திட்டத்தை விரிவாக்கிற்று. எத்தனையோ பெண்மக்களின் படிப்பு அதனால் தொடர்ந்தது. வண்டி வந்துவிட்டது, அவ்வண்டிக்கேற்ற உடை எது என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

அண்டை மாநிலமாகிய கேரளத்தில் யோசித்திருக்கின்றனர். எறணாகுளம் மாவட்டம் வளையன்சிறங்கரை என்னும் ஊரில் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளி, சிறுவர் சிறுமியர் அனைவர்க்கும் முழங்காலுக்குக் கீழே நீளும் முக்கால் கால்சட்டையும் சட்டையுமே சீருடை என்று வகுத்தது. இது 2021ஆம் ஆண்டு நவம்பரில் செய்தியாகி நாடெங்கும் பரவியது. அரசாணை எதுவும் வந்து அம்மாற்றம் நிகழவில்லை. ஆசிரியரும் பெற்றோரும் கலந்து செய்த முடிவு அது. ஓடவும் குதிக்கவும் உட்காரவும் பாவாடை இடையூறாக இருக்கிறது என்பதே அவர்கள் கூறிய எளிய காரணம். அடுத்த மாதமே கோழிக்கோடு மாவட்டம் பாலுச்சேரியில் உள்ள அரசுப் பெண்கள் மேனிலைப் பள்ளி, பதினோராம் வகுப்பு மாணவியர்க்குக் கால்சட்டையும் சட்டையும் சீருடையாக்கிற்று. அங்கே எதிர்ப்பும் எழுந்தது. ஆணின் உடையைப் பெண்மீது திணிப்பதா எனச் சில முஸ்லிம் அமைப்புகள் கேட்டன. இக்கேள்வியை நாம் எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. சமத்துவம் என்றால் எப்போதும் பெண்தான் ஆணின் உடைக்கு வரவேண்டுமா என்பதில் நியாயம் இருக்கிறது. இத்தகைய உடையை எவர்மீதும் கட்டாயமாக்கும் எண்ணம் இல்லை எனக் கேரள அரசும் 2022 ஆகஸ்டில் கூறிவிட்டது. ஆயினும் திணிப்பு தவறு என்போர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும்: பாவாடையும் இன்றுவரை திணிக்கப்பட்டே வந்திருக்கிறது. அது பழகிப்போனதால் திணிப்பாகத் தெரியவில்லை, அவ்வளவே.

பெண் இன்னவாறு உடுத்தவேண்டும் என்று ஆணை பிறப்பிப்பது தென்தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரின் ஆட்சியில் இருந்த காலத்தில், தாழ்ந்தவரெனக் கருதப்பட்ட சாதியினர், ஆணாயினும் பெண்ணாயினும், இடுப்புக்கு மேல் துணி அணியலாகாது என்பது வழக்கம். மேலுடம்பைத் திறந்து வைப்பது உயர்ந்தோர்க்குக் காட்டும் மரியாதை எனக் கருதப்பட்டது. 1819ஆம் ஆண்டு நாகர்கோவிலுக்கு வந்த இலண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் சிறுமியர்க்கு ஒரு விடுதிப் பள்ளி தொடங்கினார். எழுத்தும் வாசிப்பும் தையலும் பின்னல் வேலையும் அங்கே கற்பிக்கப்பட்டன. மிஷனைச் சார்ந்த பெண்கள் உடலை மறைத்துக்கொள்ள, தளர்ந்த சட்டை ஒன்றை மிஷனரிகளின் மனைவியர் தைத்து வழங்கினர். அது குப்பாயம் எனப்பட்டது. சீர்திருத்த சபையாரின் முயற்சி என்பதால் நம் கத்தோலிக்கப் பக்கங்களில் இச்செய்தி அதிகம் பேசப்படுவதில்லை; பேசப்பட வேண்டியது.

அந்தச் சட்டைக்கு முன்னரே அரசின் இசைவு ஓரளவு கிடைத்திருந்தது. திவானாக இருந்த கர்னல் மன்றோ, கிறித்தவரான பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார். ஆனால் அனுமதியின் எல்லை விரைவில் தெளிவாகிவிட்டது. சிரியன் கிறித்தவப் பெண்களும் மாப்பிள்ளைப் பெண்களும் அணிவது போன்ற குப்பாயம் அணியலாம். நாயர் பெண்களைப்போல் தோள்மேல் சீலை போடலாகாது. அச்சீலையைத்தான் நாடார் பெண்கள் விரும்பினர். 1822 முதல் சந்தைகளிலும் சாலைகளிலும் அவர்கள் தாக்கப்பட்டனர், மேலாடைகள் கிழிக்கப்பட்டன. 1829 பிப்ரவரியில் வந்த அரச அறிக்கை, குப்பாயம் சரி, தோள்சீலை கூடாது என்று மீண்டும் உரைத்தது. 1858-59இல் கலவரம் முற்றிச் சிற்றாலயங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. சென்னை ஆளுநராக இருந்த சர் சார்லஸ் டிரவெல்யன் தலையிட்டபின், 1859 ஜூலை 26இல் மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா ஓர் அறிக்கை வெளியிட்டார்.

அவ்வறிக்கையைப் பொறுமையோடு வாசித்துப் பார்க்கவேண்டும். கிறித்தவ நாடார் பெண்களைப்போல் எல்லா நாடார் பெண்களும் சட்டை அணியலாம். எம்மதத்தவராயினும் முக்குவப் பெண்களைப்போல் முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். வேறு எவ்வகையிலும் மார்பை மறைத்துக்கொள்ளலாம். உயர்சாதிப் பெண்களைப்போல் மட்டும் உடுத்தலாகாது. முக்குவப் பெண்கள் என்போர் புனித சவேரியார் காலத்திலிருந்து நம் விசுவாசத்தில் நிலைத்துவரும் கடற்கரை மக்கள். அவர்களுடைய ஆடை தாழ்வின் அளவுகோலாக ஓர் அரச அறிக்கையில் இடம்பெற்றது. மறைப்பதற்கு அனுமதி உண்டு, ஆனால் இன்னாரைப்போல் மறை, இன்னாரைப்போல் மறைக்காதே. மானத்தைக் காப்பது அன்று அங்கே நோக்கம். யார் எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்பதைத் துணியில் எழுதிவைப்பதே நோக்கம். அன்று மறைக்காதே என்றவர்களும், இன்று இன்னும் ஓர் அங்கியால் மறை என்பவர்களும் எதிரெதிர்த் திசையில் நிற்பதாகத் தோன்றலாம். ஆனால் எவ்வளவு மறைக்கவேண்டும் என்று சொல்லும் உரிமை தமக்கே உண்டு, உடுத்துபவளுக்கு இல்லை என்பதில் இருவரும் ஒரே கருத்தினரே.

காமராசர் முதலமைச்சராக இருந்த நாட்களில் (1954-1963) நம் பள்ளிகளில் சீருடை பரவியபோது, இந்த எழுத்தை அழிப்பதே அதன் நோக்கமாக இருந்தது. பண்ணையார் மகனும் பண்ணையாள் மகனும் அருகருகே அமரும்போது யார் யாரென்று துணி காட்டிக்கொடுக்கக் கூடாது. உன்னதமான எண்ணம். சாதியையும் வறுமையையும் மறைத்த அத்துணி, பெண் என்பதை மட்டும் முன்னைவிட அழுத்தமாகக் கோடிட்டது.

இனி பினஃபோரின் கதை. கன்னியர் மடப் பள்ளிகள் வாயிலாக நம்மிடையே பரவிய, தோள்பட்டையும் மடிப்புகளும் கொண்ட அவ்வுடை எங்கிருந்து வந்தது? ஸ்வீடன் நாட்டவரான மார்ட்டினா பெர்க்மன் ஓஸ்டர்பெர்க் என்னும் அம்மையார் 1885இல் இலண்டன் ஹாம்ப்ஸ்டெடில் பெண்களுக்கான உடற்பயிற்சிக் கல்லூரி ஒன்றை நிறுவினார். இறுக்கமான இடைக்கச்சும் தரையைத் துடைக்கும் பாவாடையும் அணிந்திருந்த ஆங்கிலப் பெண்கள் கயிறேறவும் ஓடவும் வேண்டி, அங்கே தைத்துக்கொண்ட தளர்ந்த குட்டை அங்கியே இதன் மூதாதை. கைகால்களை வீசி விளையாடுவதற்காகப் பிறந்த உடை அது! அந்த உடையைத்தான் இன்று சிறுமியிடம் கொடுத்து, காலைச் சேர்த்து உட்கார் என்கிறோம்.

சுடிதாரின் வரவும் எண்ணிப் பார்க்கத்தக்கது. தாவணி மறைந்து அது பள்ளிக்குள் நுழைந்தபோது, வடநாட்டு உடை, தமிழ்ப் பண்புக்கு ஒவ்வாதது என்ற முணுமுணுப்புகள் நம் பங்குகளிலும் கேட்டன. இன்று அதுவே அடக்கமான தமிழ்ப் பெண்ணின் உடை. முப்பது ஆண்டுகளில் ஒரு துணி அந்நியத்திலிருந்து மரபுக்கு மாறிவிடுகிறது. மரபு என்று நாம் தூக்கிப்பிடிப்பவற்றின் வயதை அவ்வப்போது கேட்டுக்கொள்வது நல்லது.

திருநூல் என்ன கூறுகிறது என வாசகர் சிலர் வினவக்கூடும். ஆணின் உடையைப் பெண் அணியலாகாது, பெண்ணின் உடையை ஆண் அணியலாகாது என்று இணைச்சட்டம் 22ஆம் அதிகாரத்தில் உண்மையிலேயே ஒரு விதி உண்டு. அதே அதிகாரம் கம்பளி நூலும் நார்நூலும் கலந்த துணியையும் விலக்குகிறது. அவ்விதியை யாரும் நினைவூட்டுவதில்லை. புனித தோமா அக்குவினார் இதை ஆராய்ந்தபோது, புற உடை பொதுவழக்கத்திற்கு இசைந்திருக்க வேண்டும் என்றும், பிற இனத்தார் சிலைவழிபாட்டில் உடைமாற்றிக்கொண்டதால் சட்டம் அதைத் தடுத்தது என்றும், தேவை நேரும்போது அவ்வாறு அணிவது பாவமாகாது என்றும் விளக்கினார். வழக்கம் மாறினால் அளவுகோலும் மாறும் என்பது அதிலேயே அடங்கியிருக்கிறது. அவருக்கும் நான்கு நூற்றாண்டு முன்னர், 866இல், புதிதாகத் திருமறையில் சேர்ந்த பல்கேரிய மக்கள் திருத்தந்தை முதலாம் நிக்கோலாவுக்கு அனுப்பிய நீண்ட வினாப்பட்டியலில் கால்சட்டை பற்றியும் கேட்டிருந்தனர். ஆணோ பெண்ணோ கால்சட்டை அணிவதும் அணியாமையும் மீட்புக்குத் தடையுமன்று, புண்ணியத்தை வளர்ப்பதுமன்று என்னும் பொருள்பட அவர் விடையளித்தார். குருமடத்தில் இதை நமக்கு யாரும் கற்பிக்கவில்லை.

திருச்சபையில் மாற்றுக் குரலும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. ஜெனோவாவின் பேராயர் கர்தினால் சீரி 1960ஆம் ஆண்டு ஜூன் மாதம், பெண்கள் கால்சட்டை அணிவதைக் கண்டித்துத் தம் குருக்களுக்கும் ஆசிரியர்களுக்கும் மடல் விடுத்தார். வியப்பு என்னவெனில், பாவாடையைவிடக் கால்சட்டை உடலை அதிகம் மறைக்கிறது என்பதை அவரே அதில் ஒப்புக்கொள்கிறார். அவர் அச்சம் அடக்கம் குறைவதைப் பற்றியதைவிட, பெண்ணின் மனப்பாங்கு மாறிவிடுமே என்பதைப் பற்றியது. ஆணுடையைக் காரணம் காட்டி 1431இல் தீயிலிடப்பட்ட ஜோன் ஆர்க்கை 1920இல் புனிதர் நிலைக்கு உயர்த்திய திருச்சபையில் இருந்துதான் அவர் அவ்வாறு எழுதினார்.

இதே அச்சம் அண்மையில் ஒரு நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் லீலண்ட் என்னும் ஊரில் அரசு நிதியால் நடைபெறும் சார்ட்டர் டே பள்ளியில், மாணவியர் பாவாடைதான் அணியவேண்டும் என்பது விதி. 2016இல் மூன்று மாணவியர் சார்பில் வழக்குத் தொடுக்கப்பட்டது. அவர்களுள் ஒருத்தி மழலையர் வகுப்புச் சிறுமி. குளிர்காலத்தில் கால் விறைக்கிறது, விளையாட முடியவில்லை, எப்படி உட்காருவது என்ற கவலையிலேயே பாடம் போய்விடுகிறது என்றனர். பள்ளியை நிறுவியவரோ, பெண் எளிதில் உடையும் பாண்டம், ஆண் அவளைப் பேணி மதிக்கவேண்டும், அதைக் கற்பிக்கவே இவ்விதி என்றார். பேதுருவின் முதல் திருமுகத்தை அறிந்தோர் அச்சொல்லின் மூலத்தை உடனே இனங்காண்பர். கணவர்க்குக் கூறிய அறிவுரையை ஐந்து வயதுக் குழந்தையின் பாவாடைக்கு ஆதாரமாக்கினால் என்ன சொல்வது? அதே வசனம் பெண்களும் வாழ்வு தரும் அருளுக்கு உடன் உரிமையாளர் என்கிறதே! 2022 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு, அவ்விதி சமத்துவ உரிமைக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. ஏழு ஆண்டுகள். மழலையர் வகுப்புச் சிறுமிக்கு அவள் தொடக்கப்பள்ளிக் காலமே அதற்குள் கழிந்துவிட்டது.

நம் மரபில் இதற்கு இடமே இல்லை என எண்ணுவோர் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையை நினைத்துப் பார்க்கலாம். தமிழின் முதல் நாவலை 1879இல் வெளியிட்ட இக்கத்தோலிக்கர், கணவனைப் பிரிந்த கதைத்தலைவி ஞானாம்பாளுக்கு ஆணுடை அணிவித்து, ஒரு நாட்டின் அரியணையிலும் அமர்த்தினார். நல்லாட்சி புரிந்த அவளை எந்த வாசகரும் பண்பிழந்தவள் எனத் தூற்றவில்லை.

சிறுபான்மையினர் என்ற வகையில், நம் பள்ளிகளை நாமே நடத்திக்கொள்ளும் உரிமையை அரசமைப்பின் 30ஆம் பிரிவு தந்திருக்கிறது. ஆகவே நம் பள்ளிகளின் சீருடை விதியை எழுதியது அரசு அன்று, நாமே. பாவாடையைத் தடைசெய்யுமாறு நாம் கேட்கவில்லை. விரும்புபவள் அணியட்டும். கால்சட்டை வேண்டும் என்று ஒரு சிறுமி கேட்டால் அதுவும் சீருடையே என்று விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும்; துப்பட்டாவும் மேலங்கியும் கட்டாயம் என்னும் வரியை எடுத்துவிட்டால் போதும். அடுத்த கல்வியாண்டுக்கான துணி பெரும்பாலும் கோடை விடுமுறைக்கு முன்னரே தேர்ந்தெடுக்கப்படுகிறது. அதற்கு முன்பு கூடும் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் தாய்மார் இதை எழுப்பலாம். நான்காம், ஐந்தாம் வகுப்புச் சிறுமியர் சிலரை அக்கூட்டத்துக்கு அழைத்து, மைதானத்தில் எந்த விளையாட்டுக்கு அவர்கள் வருவதில்லை, ஏன் வருவதில்லை என்று கேட்கலாம்.