வீதியைப் பார்த்த வாசல்கள்

யாழ்ப்பாணத்து வீட்டுக்குப் படலை உண்டு. படலைக்கு வெளியே ஒழுங்கை. ஊர்ச் சங்கதியெல்லாம் படலையடியில் நின்றே பேசி முடிந்துவிடும். அவ்வழக்கத்தில் வளர்ந்த நம்மவர் பலர் 1980களில் ரொறன்ரோ வந்து முதலிற் குடியேறிய இடம் சென். ஜேம்ஸ் ரவுண் மாடிகளாகும். பிள்ளைகளில்லாத இளம் உத்தியோகத்தரை மனதிற்கொண்டு 1960களிற் கட்டப்பட்ட சிறு வீடுகள் அவை. பேரன் பேத்தியோடு பெரியோரும் அவற்றுள் அடங்கி வாழ வேண்டியதாயிற்று. பதினைந்தாம் மாடியில் இருக்கும் அம்மம்மா கீழே விளையாடும் குழந்தையை எங்ஙனம் கவனிப்பார்?

இக்குறை சென். ஜேம்ஸ் ரவுணோடு தொடங்கியதன்று. பார்லிமென்ற் வீதியாற் சிறிது தெற்கே நடந்தால் றீஜென்ற் பார்க் வரும். 1948இல் அங்கே பழைய வீடுகளை இடித்து அரச குடியிருப்புக் கட்டத் தொடங்கினார்கள். நோக்கம் நல்லதே; அவ்வீடுகள் பலவும் சுகாதாரக் கேடானவை. ஆனால் வீடுகளோடு வீதிகளையும் அகற்றிவிட்டார்கள். புண்ணோடு நல்ல தசையையும் வெட்டிய சத்திரசிகிச்சை எனலாம். புல்வெளி நடுவே கட்டிடங்கள் நின்றன. ஊரார் ஊடறுத்து நடக்கும் பாதை இல்லை, கடை இல்லை.

நியூயோர்க்கில் இத்தகைய திட்டங்களைக் கண்டித்து 1961இல் நூலெழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் அம்மையார் 1968இல் ரொறன்ரோவிற் குடியேறினார். வீட்டு வாசல் வீதியைப் பார்த்திருந்தால் அயலவர் கண்ணே காவல் என்பது அவர் கட்சி. (நமது ஆச்சிமார் நூல் படியாமலே அறிந்த விஷயம்.) 1972இல் நகரபிதாவாகத் தெரிவான டேவிட் குறொம்பி அக்கருத்தை மதித்தவர். மறு ஆண்டே நகர மையத்திற் புதுக் கட்டிடங்களின் உயரத்தை 45 அடிக்குத் தற்காலிகமாக மட்டுப்படுத்தினார்கள். பின்னர் ஏரிக்கரைக்கு அண்மையிற் பழைய தொழிற்சாலை நிலம் 44 ஏக்கரை நகரசபை எடுத்து, சென். லோறன்ஸ் குடியிருப்பை அமைத்தது.

அங்கே செய்தவை எளியவை. பழைய நகரின் வீதிகளை அப்படியே உள்ளே நீட்டினார்கள். பக்க வீதிகளில் வரிசை வீடுகள். ஒவ்வொன்றின் கதவும் வீதியை நோக்கியது. எஸ்பிளனேட் வீதியோரம் நடுத்தர உயரத் தொடர்மாடிகள், அவற்றின் அடித்தளத்திலே பாடசாலை, எதிரே நீண்ட பூங்கா. கூட்டுறவு வீடு, வாடகை வீடு, சொந்த வீடு மூன்றும் கலந்திருந்தன. யார் ஏழை, யார் வசதியானவர் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. 1979இல் முதற் குடிகள் வந்தனர்.

றீஜென்ற் பார்க்கை 2005 முதல் இடித்துத் திரும்பக் கட்டத் தொடங்கியபோது, மூடிய வீதிகளை மீண்டும் திறந்தார்கள். தம் இடத்துக்குத் திரும்பப் பல ஆண்டு காத்திருந்த குடும்பங்களும் உண்டு. சென். ஜேம்ஸ் ரவுண் மாடிகள் இன்றும் நிற்கின்றன. அவற்றின் அருகே, வெல்லெஸ்லி வீதியும் ஷேர்போர்ண் வீதியும் சந்திக்கும் மூலையில், நூலகமும் சமூக நிலையமும் திறந்தது 2004இல். மாடிகள் எழுந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளின் பின்.